கல்தூண் எழுத்து

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் பனவடலிசத்திரம். பெயரிலேயே சத்திரத்தைச் சுமக்கிற ஊர். பழைய சத்திரங்களின் கல்தூணைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு சதுரக் கல், கீழே ஒரு சதுரப் பீடம். அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. கூரையின் பாரத்தைத் தாங்க வைத்தவை. இங்கிலீஷ் அச்செழுத்துக்களிலும் இப்படி ஒரு கல்தூண் வகை உண்டு. அதன் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இங்கிலீஷ் எழுத்தில் கோடு முடியும் இடத்தில் ஒரு சிறு பாதம் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அது மயிரிழைபோல் மெலிந்திருந்தது. 1810-களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்படக்காரர் அந்தப் பாதத்தைத் தடித்த பலகையாக்கிவிட்டார். அது ஆலைகள் பெருகிய காலம். லாட்டரிச் சீட்டுக்கும் நாடகத்துக்கும் சுவரெல்லாம் விளம்பரம். தெருவில் போகிறவனை நிறுத்த எழுத்துக்கு நல்ல தொண்டை வேண்டியிருந்தது. நெப்போலியன் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவை எகிப்து மோகம் பிடித்திருந்ததால், இதற்கு 'எகிப்தியன்' என்று பெயர் வைத்தார்கள். மற்றபடி எகிப்துக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது!

கத்தப் பிறந்த இந்த எழுத்துக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் ராபர்ட் பெஸ்லி. அவருடைய வார்ப்படசாலை 1845-ல் 'கிளாரண்டன்' என்ற எழுத்தை வெளியிட்டது. உறுதி குறையவில்லை, உருவம் மட்டும் அடக்கமாயிற்று. பக்கத்தின் நடுவே ஒரு சொல்லை எடுத்துக் காட்ட அகராதிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பெஸ்லி அதைச் சட்டப்படி பதிவு செய்திருந்தார். பாதுகாப்பு மூன்றே வருஷம். அது தீர்ந்ததும் மற்ற வார்ப்படசாலைகள் நகலெடுத்துக் குவித்தன. பிற்பாடு டைப்ரைட்டர் வந்தபோதும் இந்தப் பாதமே உதவிற்று. அந்த யந்திரத்தில் 'ஐ' என்ற ஒல்லி எழுத்தும் 'எம்' என்ற பருத்த எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்கவேண்டும். ஒல்லி எழுத்தின் இரு புறத்து வெற்றிடத்தையும் பாதம் நிரப்பிக் கொடுத்தது.

நம் தமிழெழுத்துக்குப் பாதம் இல்லை, சுழியும் வளைவும்தான். தடிக்க வைத்தால் முதல் பலி 'ண', 'ஞ' இவற்றின் சுழிகளே. மை அடைத்து உருண்டையாகிவிடும். ப்ரூப் திருத்துகையில் தடித்த தலைப்புக்களோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பெரிதாக்கிவிடலாமே என்பீர்கள். காகிதத்துக்கு எங்கே போவது? 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை பெரியவை. சீகன்பால்கு அச்சிடத் தொடங்கிய புதிய ஏற்பாடு காகிதத்தை விழுங்கலாயிற்று. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து, 1715-ல் நூலை முடித்தார்கள். பிறகு சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் இன்னும் நேர்த்தியான சிற்றெழுத்துக்களைச் செய்வித்தார். அங்கே 1862-ல் அச்சான வின்ஸ்லோ அகராதியில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் ஒரே புத்தகத்தில் அடங்கின.

ஆகவே, இங்கிலீஷ்காரர்கள் பாதத்தைத் தடிப்பாக்கிப் பெற்ற உறுதியை, நாம் சுழிக்குள் வெளிச்சம் விட்டுத்தான் பெறவேண்டும். இன்று ஈய எழுத்து போயிற்று. பக்கத்துச் சிவகாசியிலும் கம்ப்யூட்டரும் ஆப்செட்டும்தான். எழுத்தைத் தடிக்க வைக்க ஒரு விரல் அசைந்தால் போதும். ஆனாலும் சுழி அடைபட்ட எழுத்து இன்னும் சுவரிலும் தட்டியிலும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. பஸ் பலகையை அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டும் கிழவிக்கு ஒரு சுழி புரியாவிட்டால் பஸ்ஸே போய்விடும். எழுத்தை வரைகிறவர்கள் அவளை நினைத்துக்கொள்ளவேண்டும். சத்திரம் கட்டினவர்கள் வழிப்போக்கனை நினைத்துத்தானே தூண் நிறுத்தினார்கள்?