நெடுந்தீவுக் காற்றும் டெல்லிப் பணமும்

செம்மேட்டில் ஆடிக்காற்று தகரக் கூரையைத் தூக்கப் பார்க்கும் நாட்களில், கொல்லிமலைக்காரனான என் மனம் பாக் நீரிணைக்கு அப்பால் போய்விடும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இலங்கையின் தேசிய மின்கம்பி எட்டவில்லை. டீசல் எஞ்சின்தான் கதி. அந்த டீசலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

2021 ஜனவரியில், ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியில் அங்கே காற்று, சூரிய மின் நிலையங்கள் அமைக்கும் வேலை சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. ராமேசுவரத்துக்கு ஏறத்தாழ 50 கி.மீ. தூரத்தில் சீனாவா என்று டெல்லி எதிர்த்தது. அதே வேலைக்குத் தானே மானியம் தருவதாகச் சொன்னது. ஆண்டு இறுதியில் சீன நிறுவனம் ஒதுங்கியது.

2022 மார்ச்சில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1 அன்று பெங்களூருவின் யு சோலார் நிறுவனத்துடன் கையெழுத்து. இந்திய மானியம் 1 கோடியே 10 லட்சம் டாலர். காற்றிலிருந்து 530 கிலோவாட், வெயிலிலிருந்து 1,700 கிலோவாட், சேமிக்க பேட்டரி, அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டர்.

திருப்பிக் கேட்காத பணம், மனதார வரவேற்கிறேன். ஆனால் பெரிய நாடுகளின் இழுபறியில் மூன்று ஆண்டுகள் போயின. இனியாவது இத்தகைய பேச்சில் தீவு மக்களையும் சேர்த்து உட்கார வையுங்கள்.