தாயின் குற்றம், ரத்தத்தின் குற்றம்
மனச்சிதைவின் வரலாறு, யார்மேல் பழி போடுவது என்பதன் வரலாறும்கூட. 1794இல் சென்னையில் தோன்றிய காப்பகம் நோயாளியைச் சுவருக்குள் வைத்தது. 1948இல் ஃபிரீடா ஃபிராம்-ரெய்க்மான் தாயைக் கைகாட்டினார். 1984இல் சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய ஸ்கார்ஃப், குடும்பத்தைக் குற்றவாளியாக்காமல் கூட்டாளியாக்கியது.

இப்போது பேச்சு ரத்தத்தைப் பற்றி. நோயாளிகள் பலரிடம் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிக் குறிகள் கூடுதல். நோயில்லாத உடன்பிறந்தாரிடமும் நினைவாற்றலில் லேசான தொய்வு. சராசரிக் கணக்குதான், தனியாள்மேல் தீர்ப்பல்ல. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி பொண்ணு கேட்டுப் போனா, 'அண்ணனுக்கு இருக்கே, இவனுக்கும் வரும்'னு முடிவே பண்ணிடறாங்க. உலைப்புகையும் அழற்சியைக் கூட்டும். அவன் ரத்தத்தில் எது பரம்பரை, எது ஆலை?