கோப்பில் கை வைத்தது யார்? கணினியில் நிகழும் மாற்றங்களை மென்பொருள் அறியும் விதம்

புது தில்லி: கடந்த 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி காலையில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிச் சேவைகள் முடங்கின. நோயாளிகள் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரையிலான பணிகள் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குக் காகிதத்திலும் பேனாவிலும் நடைபெற்றன. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு, அடையாளம் தெரியாதவர்களால் மறையாக்கம் செய்யப்பட்டதாக மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிப்புக்கு உள்ளாகாத காப்பு சர்வர் ஒன்றிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் தரவு மீட்கப்பட்டது.

இத்தனை பெரிய அளவிலான தரவை ஒரு நொடியில் பூட்டிவிட எந்த மென்பொருளாலும் இயலாது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, படித்து, மறையாக்கி, மீண்டும் எழுதியாக வேண்டும். பெரும்பாலும் அதன் பெயரும் மாற்றப்படும். இந்தச் செயல்கள் அனைத்தும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே, கணினிக்குள் எந்தக் கோப்பு எப்போது தொடப்படுகிறது என்பது கெர்னலுக்குத் தெரியாமல் இருப்பதில்லை. அதைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு மென்பொருள் காத்திருக்கிறதா, கேட்டதை அது எந்த அளவுக்கு நம்பலாம் என்பவையே கோப்பு முறைமைக் கண்காணிப்பின் அடிப்படைக் கேள்விகள்.

திரும்பத் திரும்பப் பார்க்கும் முறை

மிகப் பழைய வழி, குறித்த இடைவெளியில் கோப்புகளைச் சென்று பார்ப்பதாகும். கோப்பின் அளவையும், அது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் மென்பொருள் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த சுற்றில் அவை வேறுபட்டிருந்தால் மாற்றம் நிகழ்ந்துள்ளதாகக் கொள்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் உருவாக்கிய 'மேக்' என்னும் மென்பொருளும் இந்த நேரக்குறியை ஒப்பிட்டே எந்த நிரலை மீண்டும் தொகுக்க வேண்டும் என முடிவு செய்தது. சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆன நிலையிலும் அது வழக்கொழியவில்லை.

இம்முறை எளிது, எந்த இயங்குதளத்திலும் இயங்கும். ஆனால், பத்து லட்சம் கோப்புகள் உள்ள சர்வரில் ஒவ்வொரு சுற்றும் வட்டுக்குப் பெரும் சுமையாகிவிடும். இரண்டு சுற்றுகளுக்கு இடையே உருவாகி அழிந்துபோன கோப்பு கணக்கிலேயே வராது. பென் டிரைவ்களில் இன்றும் காணப்படும் ஃபாட் கோப்பு முறைமை, மாற்ற நேரத்தை 2 நொடித் துல்லியத்தில் மட்டுமே பதிவு செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்ற நேரம் என்பது ஊடுருவியவர் ஒரே கட்டளையில் பழைய தேதிக்குத் திருத்திவிடக்கூடிய ஒன்று. நேரக்குறியை மட்டும் நம்பும் கண்காணிப்பு, நேர்மையான பயனரை மட்டுமே கண்காணிக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

கெர்னலே தகவல் தரும் முறை

"இந்தக் கோப்புறையில் ஏதேனும் நடந்தால் எனக்குத் தெரிவி" என்று கெர்னலிடம் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது இரண்டாவது வழி. லினக்ஸில் இதற்கான முதல் வசதியான 'டிநோட்டிஃபை', 2001-இல் வெளியான 2.4 கெர்னலில் இடம்பெற்றது. கோப்புறைகளை மட்டுமே அதனால் கண்காணிக்க முடிந்தது. எந்தக் கோப்பு மாறியது என்பதை அது சொல்லாது; மென்பொருளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மேலும், கண்காணிக்கப்படும் கோப்புறையைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்ததால், அது இருக்கும் வெளிப்புற வட்டைப் பாதுகாப்பாகக் கழற்றுவதும் இயலாமல் போனது.

இந்தக் குறைகளைக் களைந்து, ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவ்வும் உருவாக்கிய 'ஐநோட்டிஃபை' 2005 ஆகஸ்டில் 2.6.13 கெர்னலுடன் வெளியானது. கோப்பு உருவாக்கம், திருத்தம், பெயர் மாற்றம், அழிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் அது தனித்தனி நிகழ்வாகத் தெரிவிக்கிறது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்தியாவின் 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ் கெர்னலில் இயங்குவதால், இதே வசதி அதிலும் உண்டு.

விண்டோஸில், கோப்புறை மாற்றங்களை உடனுக்குடன் தெரிவிக்கும் வசதியுடன், விண்டோஸ் 2000 முதல் என்டிஎஃப்எஸ் முறைமையில் மாற்றக் குறிப்பேடு ஒன்றும் உள்ளது. எந்தக் கோப்பில் எவ்வகை மாற்றம் நிகழ்ந்தது என்பதை அது வட்டிலேயே எழுதி வைக்கிறது. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் குறிப்பு நிலைத்திருக்கும். மாற்றியவர் யார், உள்ளடக்கத்தில் எது மாறியது என்பவை அதில் இரா. ஆப்பிள் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தின் 10.5 பதிப்பிலும் இதையொத்த பதிவேடு அறிமுகமானது. அதன் டைம் மெஷின் காப்பு மென்பொருள், முழு வட்டையும் துழாவாமல் மாறிய கோப்புறைகளை மட்டும் நகலெடுப்பது அந்தப் பதிவேட்டின் துணையால்தான்.

தவறிப்போகும் தகவல்கள்

கெர்னலே சொல்கிறது என்பதால் இந்த ஏற்பாடு முழுமையானது என எண்ணுவோர் பலர். நிரலாளர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுவே.

லினக்ஸில் நிகழ்வுகள் ஒரு வரிசையில் காத்திருக்கின்றன. அந்த வரிசையின் வழக்கமான உச்ச வரம்பு 16,384. மென்பொருள் படித்து முடிக்கும் வேகத்தைவிட மாற்றங்கள் வேகமாக நிகழ்ந்தால் வரிசை நிரம்பி, அதன் பின் வரும் நிகழ்வுகள் கைவிடப்படும். 'வரிசை நிரம்பி வழிந்தது' என்னும் ஒரே ஒரு அறிவிப்பு மட்டும் மிஞ்சும். விண்டோஸில் நிலைமை இன்னும் கடுமையானது: இடையக நினைவகம் நிரம்பினால் அதில் சேர்ந்திருந்த தகவல் முழுவதும் தள்ளுபடியாகிவிடும். டாட்நெட் நிரலாளர்கள் பயன்படுத்தும் கண்காணிப்புக் கூறில் இந்த இடையகத்தின் இயல்பான அளவு 8 கிலோபைட் மட்டுமே. குறுகிய நேரத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகள் மாறும் வேளையில்தான் வரிசை நிரம்பும். மறையாக்கத் தாக்குதல் நடப்பது அத்தகைய வேளையில்தான். ஆகவே, இந்த வழிதல் அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் விடும் மென்பொருள், மிகவும் தேவைப்படும் தருணத்தில் குருடாகிவிடுகிறது. அறிவிப்பு வந்தவுடன் முழுக் கோப்புறையையும் புதிதாக ஒரு முறை பார்வையிடுவதே முறையான தீர்வு. பழைய வழியை முற்றிலும் கைவிட முடியாததன் காரணமும் இதுதான்.

உட்கோப்புறைகள் மற்றொரு சிக்கல். ஐநோட்டிஃபை ஒரு கோப்புறையை மட்டுமே பார்க்கும். அதற்குள் இருக்கும் ஒவ்வோர் உட்கோப்புறைக்கும் தனியே பதிவு தேவை. புதிய உட்கோப்புறை உருவானதை அறிந்து மென்பொருள் அதற்குப் பதிவு செய்வதற்குள், அந்தக் கணப்பொழுதில் அதனுள் எழுதப்பட்ட கோப்புகள் தவறிவிடும். பதிவுகளின் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. நீண்ட காலமாக ஒரு பயனருக்கு 8,192 என இருந்த இயல்பு வரம்பு, 2021-இல் வெளியான 5.11 கெர்னல் முதல் கணினியின் நினைவக அளவுக்கேற்ப நிர்ணயிக்கப்படுகிறது.

உரைத்தொகுப்பான்கள் பல, திருத்திய உரையைப் பழைய கோப்பின் மீது எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றன. கோப்பை மட்டும் கண்காணித்த மென்பொருள் அப்போது இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். கோப்பு இருக்கும் கோப்புறையைக் கண்காணிப்பதே இதற்கு வழி. அதேபோல், திருத்த நிகழ்வு வந்தவுடன் கோப்பைப் படித்தால் பாதி எழுதப்பட்ட நிலையில் கிடைக்கலாம். எழுதி முடித்து மூடப்பட்ட நிகழ்வுக்காகக் காத்திருப்பது நல்லது. வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறையில் வேறொரு கணினி செய்யும் மாற்றமும், நினைவகத்தில் பிணைத்துத் திருத்தப்படும் கோப்பின் மாற்றமும் ஐநோட்டிஃபைக்குத் தெரிவதே இல்லை.

யார் மாற்றினார் என்பதையும் அது சொல்வதில்லை. எரிக் பாரிஸ் உருவாக்கி, 2011 தொடக்கத்தில் வெளியான 2.6.37 கெர்னலில் செயல்பாட்டுக்கு வந்த 'ஃபாநோட்டிஃபை' இந்தக் குறையை ஓரளவு போக்கியது. கோப்பைத் தொட்ட செயலியின் எண்ணை அது தருகிறது; கோப்பைத் திறக்க அனுமதிக்கலாமா என்று முன்கூட்டியே கேட்கவும் செய்கிறது. கிளாம்ஏவி போன்ற வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

கைரேகை ஒப்பீடு

பாதுகாப்பு நோக்கிலான கண்காணிப்புக்கு 1992-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம், பேராசிரியர் ஜீன் ஸ்பாஃபோர்டு ஆகியோர் உருவாக்கிய 'டிரிப்வயர்' முன்னோடியாகக் கருதப்படுகிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ் எனப்படும் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டுச் சேமித்து, பின்னர் ஒப்பிடுவது அதன் வழிமுறை. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும் என்பதால் நேரக்குறியைத் திருத்தும் தந்திரம் இங்குப் பலிக்காது. தொடக்க காலத்தில் பயன்பட்ட எம்டி5 கணக்கீட்டில் 2004-இலும், எஸ்ஹெச்ஏ-1 கணக்கீட்டில் 2017-இலும் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே கைரேகை அமைய முடியும் என்பது நிரூபிக்கப்பட்டது. எனவே இப்போது எஸ்ஹெச்ஏ-256 பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது.

இம்முறையின் வலிமை, முதலில் எடுத்த கைரேகைத் தொகுப்பைப் பொறுத்தது. ஊடுருவல் நிகழ்ந்த பின் அதை எடுத்தால், களவுபோன வீட்டுக்குச் சரக்குப் பட்டியல் தயாரித்த கதையாகிவிடும். அதே சர்வரில் வைத்திருந்தால் ஊடுருவியவரே பட்டியலைத் திருத்திவிடலாம். படிக்க மட்டுமே இயலும் வேறோர் ஊடகத்தில் வைப்பது வழக்கம். ஒவ்வொரு மென்பொருள் புதுப்பிப்பின்போதும் நூற்றுக்கணக்கான கோப்புகள் முறைப்படி மாறும். எச்சரிக்கைகள் குவிந்து, நிர்வாகிகள் அவற்றைப் படிக்காமலே நீக்கும் பழக்கம் உருவாவது இத்துறையில் அனைவரும் அறிந்த ஆபத்து. மாறவே கூடாத கோப்புகளை மட்டும் தேர்ந்து கண்காணிப்பதும், எவரும் தொட வேண்டிய அவசியமில்லாத பொறிக் கோப்புகளை ஆங்காங்கே வைப்பதும் இதற்கு மாற்றாகப் பின்பற்றப்படுகின்றன.

விதிமுறைகள்

கட்டண அட்டைத் தரவைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் பன்னாட்டுத் தரநிலை, முக்கியக் கோப்புகளைக் குறைந்தது வாரம் ஒரு முறை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு, இணையதளத்தில் அனுமதியின்றிச் செய்யப்படும் மாற்றங்கள் உள்ளிட்ட இணையச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கக் கட்டாயமாக்கியுள்ளது. கணினிப் பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பாதுகாக்கவும், கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களுடன் ஒத்திசைக்கவும் அது பணிக்கிறது. ஒரு சர்வரின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால், எந்தக் கோப்பு முதலில் மாறியது என்ற விசாரணை தவறான இடத்திலிருந்து தொடங்கக்கூடும்.

உத்தரவில் குறிப்பிடப்படும் 6 மணி நேரம், சம்பவம் நிகழ்ந்த நேரத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை. அது கவனத்துக்கு வந்த நேரத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. கண்காணிப்பு இல்லாத சர்வரில் அந்தக் கணக்கு, பெரும்பாலும் பயனர் ஒருவர் தம் கோப்பு திறக்கவில்லை என்று புகார் செய்யும்போதுதான் தொடங்குகிறது.