வாயின் வாடையும் வானூர்தியும்

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாளிதழ்களில் ஒரு செய்தி வெளிவந்தது. ஆல்கஹால் கலந்த மருந்து, வாய் கொப்பளிக்கும் நீர், நறுமணத் தைலம் ஆகியவற்றை விமானிகள் பயன்படுத்தலாகாது என இந்திய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் புதிய விதியொன்றை வரைந்திருக்கிறது என்பதே அது. எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் அந்தத் தாளை மடித்து எடுத்து வந்து, "ஹஜ்ரத், விமானம் ஓட்டுபவர் அத்தர் பூசக்கூடாதாமே! இது எந்தக் கிதாபில் உள்ள சட்டம்?" என்று வினவினார். கண்டனூரிலும் சுற்றுப்புறத்திலும் திருச்சி விமான நிலையத்தின் வழியே வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்வருவோர் பலர். அவர்களுள் ஒருவரின் மகன் இவர். கேள்வி வேடிக்கையாகத் தோன்றினும் அதன் பின்னே பதினான்கு நூற்றாண்டு வரலாறு நிற்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆல்கஹால் என்பது 'அல்-குஹ்ல்' என்னும் அரபுச் சொல்லே. கண்ணுக்கு இடும் சுர்மாவின் நுண்பொடியையே அது குறித்தது. ஐரோப்பியர் அதனை எந்த நுண்பொருளுக்கும் ஆளலாயினர்; பதினாறாம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் மதுவின் சாரத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். கண்ணைத் தெளிவிக்கும் பொருளின் பெயர் அறிவை மயக்கும் பொருளுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லின் விதி என்பதா, விபத்து என்பதா?

இனி, மது விலக்கு இறங்கிய முறையை நினைவுகூர வேண்டும். அல்-பகரா அத்தியாயத்தில் அதன் தீமை அதன் பயனினும் பெரிது என்று உணர்த்தப்பட்டது. அல்-மாயிதாவில் முற்றாகத் தடுக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே அந்நிஸாவில் போதையுடன் தொழுகையை அணுகலாகாது என்ற கட்டளை வந்தது. இந்த நடுப்படியை நாம் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஐவேளைத் தொழுகை கடமையான ஒருவருக்கு இக்கட்டளைக்குப் பின் குடிப்பதற்கு எஞ்சிய நேரம் எவ்வளவு? லுஹருக்கும் அஸருக்கும் இடையே குடித்தால் தெளிய நேரமில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலும் அவ்வாறே. இஷாவுக்குப் பிந்திய இரவும், ஸுப்ஹுக்குப் பின் உச்சிப் பொழுது வரையிலான நேரமுமே மிஞ்சின. ஆக, குடிக்கும் கடமைக்கும் இடையே கால இடைவெளி வேண்டும் என்ற விதியே அன்று செயற்பட்டது. இன்று விமானச் சட்டங்கள் செய்வதும் இதுவே. அமெரிக்க விதி பறப்பதற்கு முன் 8 மணி நேரம் என்கிறது. நம் நாட்டின் 1937-ஆம் ஆண்டு வான்கல விதிகளுள் 24-ஆம் விதி 12 மணி நேரம் என்கிறது. அதே 1937-இன் அக்டோபர் முதல் நாளன்றுதான் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். தரையில் அந்த விலக்கு 1971-இல் தளர்ந்தது, மீண்டது, மறுபடியும் தளர்ந்தது. வானத்து விலக்கு மட்டும் தளரவில்லை.

வாயை முகர்ந்து மதுவை அறியும் வழக்கம் நம் ஹதீஸ் நூல்களிலேயே உண்டு. மாயிஸ் (ரலி) அவர்கள் தாமே முன்வந்து தம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அவர் மது அருந்தியிருக்கிறாரா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள்; ஒருவர் எழுந்து அவருடைய வாயை முகர்ந்து பார்த்தார்; வாடை இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. இங்கே முகர்ந்தது தண்டிக்க அன்று. போதையில் பிதற்றியவராக இருந்தால் அவரது ஒப்புதல் செல்லாது. அவ்வாறேனும் அவர் தப்ப வழியுண்டா என்று தேடவே முகர்ந்தார்கள். பின்னாளில் ஹிம்ஸ் நகரில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் யூஸுஃப் அத்தியாயத்தை ஓதியபோது ஒருவன் மறுத்துரைத்தான்; அவனிடம் மதுவாடை வீசக் கண்டு அவனுக்குத் தண்டனை நிறைவேற்றினார்கள். ஒரே மூக்கு ஓரிடத்தில் கேடயமாகவும் மற்றோரிடத்தில் வாளாகவும் ஆனது.

ஆகவே ஃபிக்ஹு இமாம்கள் கருத்து வேறுபட்டனர். மாலிக்கீ மத்ஹபில் நேர்மையான இருவர் வாடைக்குச் சாட்சி கூறினால் போதும். ஹனஃபீ, ஷாஃபிஈ அறிஞர்களோ வாடை மட்டும் போதாது என்றனர். ஹிஜ்ரி 620-இல் மறைந்த ஹன்பலீ பேரறிஞர் இப்னு குதாமா தம் 'அல்-முக்னி'யில் இந்த ஐயங்களை அடுக்குகிறார்: அவன் வாயைக் கொப்பளித்து உமிழ்ந்திருக்கலாம், தண்ணீர் என்று எண்ணி வாயில் ஊற்றியிருக்கலாம், பிறர் வற்புறுத்தியிருக்கலாம், ஆப்பிள் பானம் அருந்தியிருக்கலாம், நன்கு கனிந்த 'நபக்' தின்றிருக்கலாம். நபக் என்பது நம் இலந்தையின் இனம். செட்டிநாட்டுச் செம்மண் காட்டில் இலந்தை பொறுக்கித் தின்ற எவருக்கும் அந்தப் புளித்த வாடை தெரியும். வாய் கொப்பளிக்கும் நீரைப் பற்றி 2023-இல் அதிகாரிகள் எழுப்பிய அதே ஐயத்தை டமாஸ்கஸ் அறிஞர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பிவிட்டார்.

இன்னொரு நிகழ்ச்சியை எழுதத் தயக்கமாகவே இருக்கிறது. ஸஹாபாக்களைப் பற்றி நாவை அடக்குவது நம் மரபு. எனினும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானதை மறைப்பதும் முறையன்று. உஸ்மான் (ரலி) ஆட்சியில் கூஃபாவின் ஆளுநராக இருந்த வலீத் இப்னு உக்பா ஸுப்ஹுத் தொழுகையை இரண்டு ரக்அத் நடத்திவிட்டு, உங்களுக்கு இன்னும் கூட்டட்டுமா என்று ஜமாஅத்தைப் பார்த்துக் கேட்டார். வழக்கு மதீனாவுக்குச் சென்றது. ஒருவர் குடித்ததைக் கண்டதாகவும், மற்றொருவர் வாந்தி எடுத்ததைக் கண்டதாகவும் சாட்சி கூறினர். குடிக்காதவன் அதை வாந்தி எடுப்பதில்லை என்று கலீஃபா தீர்ப்புரைத்து நாற்பது அடி நிறைவேற்றச் செய்தார்கள். எம் கருத்தை ஈர்ப்பது தண்டனை அன்று. இமாம் போதையில் நிற்க, பின்னே நின்ற வரிசை முழுவதும் அவரைத் தொடர்ந்து ருகூஉம் ஸுஜூதும் செய்திருக்கிறது. முன்னிற்பவரைப் பின்பற்றப் பழகிய கூட்டம் அவ்வேளையில் என்ன செய்யும்?

1977 ஜனவரி 13 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இதே கேள்வி உயிர்களைப் பலிகொண்டது. மாடுகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.8 சரக்கு விமானம் எழுந்த சில நொடிகளிலேயே வீழ்ந்து ஐவரும் மாண்டனர். தலைமை விமானியின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 298 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. அவரை விமான நிலையத்துக்கு ஏற்றி வந்த டாக்சி ஓட்டுநர் அவருடைய தள்ளாட்டத்தைக் கண்டு தம் அலுவலகத்துக்குச் சொன்னார், செய்தி விமானக் குழுவினரைக் கவனிக்கும் முகவர் வரை எட்டியது, எவரும் தடுக்கவில்லை. உடனிருந்த துணை விமானியும் பொறியாளரும் தடுக்கவில்லை. இறக்கையில் படிந்த பனியும் வீழ்ச்சிக்குத் துணைக் காரணமானது. 1961 ஜனவரி 3 அன்று பின்லாந்தில் க்வெவ்லாக்ஸ் அருகே டி.சி.3 விமானம் வீழ்ந்து 25 பேர் மாண்டதும் விமானிகள் இருவரும் குடித்திருந்ததாலேயே. மனிதனின் மூக்கு தவறுவதில்லை, நாவே தவறுகிறது. மேலதிகாரியின் வாயில் வாடை வீசினால் கீழுள்ளவருக்கு அது தெரியும், ஆனால் சொல்லமாட்டார். அச்சமும் தாட்சண்யமும் இல்லாத ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

அந்தச் சாட்சி கருவியாக வந்தது. சுவீடன் நாட்டு விட்மார்க் 1920-களில் சில துளி இரத்தத்திலிருந்து ஆல்கஹாலை அளக்கும் முறையைக் கண்டார். அமெரிக்காவின் இந்தியானாவில் போர்க்கன்ஸ்டைன் 1954-இல் மூச்சையே அளக்கும் கருவியை அமைத்தார். நுரையீரலின் ஆழத்தில் இரத்தமும் காற்றும் மெல்லிய சவ்வால் பிரிந்து நிற்கின்றன. இரத்தத்தின் ஆல்கஹால் ஒரு விகிதப்படி காற்றிலும் கலக்கிறது. ஏறத்தாழ 2100 மில்லி லிட்டர் மூச்சில் உள்ள அளவே ஒரு மில்லி லிட்டர் இரத்தத்திலும் இருக்கும் என்பது கணக்கு. அன்று பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலின் மஞ்சள் நிறம் மாறுவதைக் கொண்டு அளந்தார்கள். இன்று மின்வேதி உணரி அளக்கிறது. வாயின் வாடை வேறு, நுரையீரலின் மூச்சு வேறு என்ற நுட்பத்தையும் இது ஓரளவு கையாளுகிறது: கொப்பளித்ததன் எச்சம் கால் மணி நேரத்தில் மறையும், குடித்தது மறையாது.

எவ்வளவு இருந்தால் குற்றம் என்பதில் நாடுகளும் மத்ஹபுகளைப் போலவே பிரிந்து நிற்கின்றன. அமெரிக்காவில் இரத்தத்தில் 0.04 விழுக்காடு எட்டினால் குற்றம்; பிரிட்டனின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 மில்லி லிட்டரில் 20 மில்லிகிராமே எல்லை. 2018 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோவில் பிடிபட்ட ஜப்பானியத் துணை விமானியிடம் 189 இருந்தது. பத்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. நம் நாடோ சுழியம் என்கிறது. மிகுதியாக மயக்குவதில் சிறிதும் கூடாது என்னும் நம் கொள்கைக்கு இதுவே நெருக்கம். இந்தியாவிலிருந்து புறப்படும் பணியாளர்கள் பறக்குமுன் ஊதிக்காட்ட வேண்டும்; வெளிநாட்டிலிருந்து வருவோர் இறங்கிய பின் ஊத வேண்டும். முதல் ஊதலில் அளவு காட்டினால் முகம் கழுவி வாய் கொப்பளிக்கவிட்டு, 15 முதல் 20 நிமிடம் கழித்து, கருவியையும் சரிபார்த்து, சாட்சியின் முன்னிலையில் மறுமுறை ஊதச் சொல்கிறார்கள். இப்னு குதாமாவின் ஐயங்களுள் பாதியேனும் இந்த இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடுகின்றன. முதல் குற்றத்துக்கு உரிமம் மூன்று மாதம் நிறுத்தம், இரண்டாவதற்கு மூன்று ஆண்டு, அதற்கும் மேலே ரத்து. 2018 நவம்பர் 11 அன்று டெல்லியிலிருந்து லண்டனுக்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியாவின் மூத்த விமானி ஒருவர் தேர்வில் தவறினார். அவர் அந்நிறுவனத்தின் இயக்கப் பிரிவுக்கே தலைவர்! மூன்றாண்டு உரிமம் இழந்தார். கூஃபாவின் ஆளுநரைப் போலவே பதவி அவரைக் காக்கவில்லை.

இதில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒருவரை அன்றைய பயணத்திலிருந்து விலக்கிவைக்க ஐயமே போதும். தீமைக்கு இட்டுச்செல்லும் வழியை அடைப்பது ஷரீஅத்தும் ஏற்ற நெறி. ஆனால் அவருடைய பிழைப்பைப் பறிப்பது தண்டனை. ஐயம் எழுந்தால் தண்டனையை விலக்குக என்பதும் அதே ஷரீஅத்தின் நெறி. ஆகவே மூச்சை அளந்து விலக்குவதும், இரத்தத்தை அளந்து தண்டிப்பதும் முறை என்பது எம் எண்ணம். பிரிட்டனில் நீதிமன்றம் இரத்த அளவையும் பார்க்கிறது.

2023 நவம்பரில் இறுதி விதி வந்தபோது வாய் கொப்பளிக்கும் நீர் விலக்கப்பட்டவற்றுள் நின்றது. வரைவில் இருந்த நறுமணத் தைலம் நீங்கிவிட்டது. மேலே பூசியது மூச்சில் கலப்பதில்லை அல்லவா? தொழுபவர் ஆல்கஹால் கலந்த தைலம் பூசலாமா என்பது வேறு கேள்வி. திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து எடுத்ததை ஹனஃபீ அறிஞர் பலர் அனுமதிப்பர். ஷாஃபிஈ அறிஞருள் அதை அசுத்தம் என்போர் உளர். இவற்றையெல்லாம் அம்மாணவருக்கு விளக்கி முடித்தபோது அவர் சற்றே யோசித்துவிட்டு, "அப்படியானால் அந்த ஊதும் கருவி மாலிக்கீயா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.