சான்பாடாவில் பிறந்த ஒரு ரெக்கார்டு

லாசல்காவில் வெங்காயம் ஏற்றிய லாரி, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நவி மும்பையின் துர்பே மொத்த மார்க்கெட் வாசலில் வந்து நிற்கிறது. அதே நேரத்தில், மார்க்கெட்டை ஒட்டிய சான்பாடாவில், ஒரு லாரி புக்கிங் ஆபீஸின் கம்ப்யூட்டரில் அந்த லாரியின் ரெக்கார்டு பிறக்கிறது. ஆபீஸ் கற்பனைதான். ஆனால் இந்தப் பக்கம் இப்படிப்பட்ட ஆபீஸ்களுக்குப் பஞ்சம் கிடையாது.

ரெக்கார்டுக்குப் பதினோரு கட்டங்கள். வரிசை எண், லாரி எண், சரக்கு, மூட்டை, எடை, வாடகை, முன்பணம், பாக்கி, டிரைவர் பெயர், டிரைவரின் போன் நம்பர், கடைசியாகத் திருத்திய நேரம். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இப்படி டேபிளாகக் கட்டும் முறை கிளம்பியது. அவர் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்: வாடகையில் முன்பணத்தைக் கழித்தால் வருவதுதானே பாக்கி, அதற்கு எதற்குத் தனிக் கட்டம்? கணக்குப்பிள்ளைக்கு அந்த இலக்கணமெல்லாம் பொருட்டில்லை. பாக்கி கண்ணெதிரே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். கணக்குப்பிள்ளை என்டர் தட்டியதும் ரெக்கார்டு நேராக டேபிளில் போய் உட்காருவதில்லை. முதலில் ஒரு லாக் ஃபைலில் குறித்துக்கொள்ளப்படுகிறது. பிறகே 16 கிலோபைட் பக்கம் ஒன்றில் மற்ற லாரிகளோடு இடம் பிடிக்கிறது. நடுவில் கரண்ட் போனாலும் லாக்கைப் பார்த்து மீட்டுவிடலாம்.

முதலாளிக்கு வேறு கவலை. எந்த ஊர் லாரிக்கு வாடகை ஏறுகிறது, எந்தக் கிழமையில் வண்டி குறைகிறது என்று வரைபடமாகப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகளை பில் போட்டுக்கொண்டிருக்கும் டேட்டாபேஸிடமே கேட்டால் அது திணறும். வாசலில் லாரி வரிசை நீளும். ஆகவே ரெக்கார்டின் பிரதி ஒன்று வெளியே, ஒரு அனலிட்டிக்ஸ் தளத்துக்குப் போயாக வேண்டும். சென்னையில் வளர்ந்த சோஹோ நிறுவனத்தின் சோஹோ அனலிட்டிக்ஸ் போன்ற ஒன்று என்று கொள்ளுங்கள்.

சுலபமான வழி ஒன்று உண்டு. மைஎஸ்கியூஎல் காதுகொடுத்துக் கேட்கும் 3306 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால், தளம் நேராக வந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வாசலில் தளம் மட்டுமா வரும்? 2022-ல் ஷேடோசர்வர் அமைப்பு இணையம் முழுக்கத் துழாவியபோது, இப்படித் திறந்து கிடந்து பதில் சொன்ன மைஎஸ்கியூஎல் சர்வர்கள் சுமார் 36 லட்சம். தேடியது நல்ல எண்ணத்தோடு வந்த அமைப்பு. அதே தேடலை இரவு பகலாக நடத்தும் மற்றவர்களுக்கு அந்த எண்ணம் கிடையாது.

இன்னொரு வழி எஸ்எஸ்எச். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அப்போதெல்லாம் பாஸ்வேர்டு கம்பியில் வெட்டவெளிச்சமாகத்தான் போகும். அங்கே இருந்த தாத்து ஈலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்றிருக்க, நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். மைஎஸ்கியூஎல் முதலில் தலைகாட்டியதும் அதே 1995-ல்தான், பக்கத்து நாடான ஸ்வீடனில். இரண்டும் ஒரே வயது.

எஸ்எஸ்எச் இணைப்புக்குள் டேட்டாபேஸ் போக்குவரத்தை மறையாக்கி அனுப்புவதை டனல் என்பார்கள். டனல் என்றதும் பக்கத்திலுள்ள பார்சிக் மலை நினைவுக்கு வரும். அதைக் குடைந்து 1916-ல் ரயில் விட்டார்கள். உள்ளே போன ரயில் வெளியில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. எஸ்எஸ்எச் டனலை எங்கும் குடையவில்லை. நம் ரெக்கார்டு எல்லோரும் போகும் அதே இணையச் சாலையில், எல்லோர் கண்ணெதிரேயும்தான் போகிறது. பார்ப்பவனுக்குப் புரியாது, அவ்வளவே. எங்கிருந்து எங்கே போகிறது, எவ்வளவு பெரிது என்பது அப்போதும் தெரியும்.

ஆபீஸ் நெட்வொர்க்கின் ஓரத்தில் ஒரு சின்ன சர்வரை நிறுத்துகிறார்கள். வெளியுலகம் அறிந்தது அது ஒன்றுதான். ஃபயர்வால் 22-ஆம் போர்ட்டை மட்டும், தளம் அறிவித்துள்ள ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறக்கிறது. பாஸ்வேர்டு கிடையாது, சாவி ஜோடி. ரகசியச் சாவி தளத்திடம், பொதுச் சாவி சர்வரிடம். முதல் முறை இணையும்போது எஸ்எஸ்எச், சர்வரின் கைரேகையைக் காட்டி ‘இவரைத்தான் தேடி வந்தீர்களா?’ என்று கேட்கும். பத்துப் பேரில் ஒருவராவது அதை ஒப்பிட்டுப் பார்ப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். எல்லோரும் ‘யெஸ்’ அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். முதல் முறையே நடுவில் வேறொருவன் சர்வர் வேஷத்தில் நின்றால் அகப்படுவது அங்கேதான்.

போக்குவரத்தே இல்லாமல் இருந்தால், வழியிலுள்ள ரூட்டர் இணைப்பு செத்துவிட்டதென்று நினைத்து அறுத்துவிடும். அதனால் சில விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கேன், இருக்கேன்’ என்று வெற்றுச் செய்தி அனுப்பச் சொல்லி வைக்கிறார்கள்.

டனல் அந்தச் சின்ன சர்வரோடு முடிந்துவிடுகிறது என்பதைப் பலர் மறக்கிறார்கள். அங்கிருந்து டேட்டாபேஸ் வரையுள்ள கடைசித் துண்டு, தனியாக டிஎல்எஸ் என்ற மறையாக்கம் போடாவிட்டால், திறந்தபடிதான். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அவசரத்தில் தளத்துக்கு, எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசரையே கொடுத்துவிடுவது. டனல் வழியைக் காக்கும். வழியாக வந்தவர் என்ன செய்கிறார் என்று கேட்காது. அருமையான மறையாக்கத்துக்குள் பத்திரமாக வந்து மொத்த டேபிளையும் அழித்துவிட்டுப் போகலாம். என்னைக் கேட்டால், டனலுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை யூசருக்கு அனுமதி எழுதுவதில் செலவழிக்க வேண்டும். படிக்க மட்டும் உரிமை, அதுவும் டேபிளின் மேல் அல்ல, தேவையான கட்டங்களை மட்டும் காட்டும் ஒரு வியூவின் மேல். நம் ரெக்கார்டு இங்கேதான் இளைக்கிறது: டிரைவர் பெயரும் போன் நம்பரும் உதிர்ந்து, ஒன்பது கட்டங்களோடு கிளம்புகிறது. வாடகை ஏற்ற இறக்கத்தைப் பார்க்க டிரைவரின் நம்பர் எதற்கு? 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் எடுக்காதே என்றுதான் சொல்கிறது.

போகும் தூரம் பெரிதில்லை. சோஹோவுக்கு மும்பையிலும் சென்னையிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. சென்னை வரை போனாலும் கண்ணாடி இழையில் ஒளிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லி விநாடிதான். லாரியிலிருந்து ஒரு மூட்டை இறங்குவதற்குள் ரெக்கார்டு போய்ச் சேர்ந்திருக்கும்.

சேர்ந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பம். மறுநாள் கணக்குப்பிள்ளை, அந்த லாரியை இரண்டு முறை பதிந்திருப்பதைக் கண்டு ஒன்றை அழிக்கிறார். சான்பாடாவில் நம் ரெக்கார்டின் கதை முடிந்தது. ஆனால் தளம், கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் திருத்தப்பட்டவற்றை மட்டும் கேட்டு வாங்கும்படி அமைந்தது. அழிந்துபோன ரெக்கார்டு எந்த நேரத்தைக் காட்டும்? பிரதி அங்கே சௌக்கியமாக இருக்கிறது.

“என்னய்யா, இங்கே 41 வண்டி காட்டுது, கேட் புக்கில் 40தானே இருக்கு?” என்கிறார் முதலாளி.

“ஒண்ணை நான் நேத்தே அழிச்சிட்டேனே, முதலாளி.”

மாற்றங்களையெல்லாம் குறித்துவைக்கும் டேட்டாபேஸின் பைனரி லாக்கைப் படிக்கும் கருவி வைத்தால் அழிப்பும் போய்ச் சேரும். ஆனால் அதற்கு இன்னும் பெரிய அனுமதி கொடுக்க வேண்டும். புக்கிங் ஆபீஸுக்கு அது தேவையில்லை. பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் சேர்த்தால் போதும்: ரத்து. இனி எந்த ரெக்கார்டையும் யாரும் அழிக்கக் கூடாது, அதில் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். திருத்திய நேரம் தானாக மாறி, அடுத்த முறை அதுவும் டனலேறிவிடும்; ‘ஆம்’ என்றிருப்பவற்றை எண்ணாதே என்று தளத்திடம் சொல்லிவிடலாம். வியூவிலும் அந்தக் கட்டத்தைச் சேர்க்க மறந்தால், 41 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.