மொவ்வாசான் இடுக்கு: ஒரு வெள்ளமும் பனியுகக் கோட்பாடும்

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், இத்தாலிய எல்லையை ஒட்டிய மலைகளில் பிறக்கிறது திரான்ஸ் ஆறு. ஒத்தெம்மா, கோர்பாசியேர் முதலிய பனியாறுகள் உருகித் தரும் நீரால் கோடையில் பெருகும், குளிர்காலத்தில் மெலியும். பாஞ் பள்ளத்தாக்கில் இறங்கி, மார்த்திஞி நகரருகே ரோன் ஆற்றில் சேர்கிறது. ஒருகாலத்தில் பனி பெரும்பரப்பை மூடியிருந்தது என்னும் பனியுகக் கோட்பாடு என்றதும் இயற்கையியலாளர் லூயி அகாசியின் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் கோட்பாட்டின் வேர் இச்சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில், பனியோடு போராடிப் பிழைத்தவர்களின் கூர்நோக்கில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மொவ்வாசான் என்னும் இடத்தில் பாஞ் பள்ளத்தாக்கு மிகவும் ஒடுங்குகிறது. அதற்கு மேலே, வலக்கரைச் சரிவில் ஜியெத்ரோ பனியாறு. குளிர் மிகுந்த ஆண்டுகளில் அது முன்னேறி வந்து, செங்குத்துப் பாறையின் விளிம்பிலிருந்து பனிக்கட்டிகளை இடுக்குக்குள் சரிக்கும். விழுந்த பனி கோடையில் உருகித் தீராவிட்டால் ஆண்டுக்காண்டு குவிந்து ஆற்றை அடைத்துவிடும். 1595இல் இவ்வாறு தேங்கிய ஏரி உடைந்து பள்ளத்தாக்கையே வாரிக்கொண்டு போனது. 1810களில், குறிப்பாகத் தம்போரா எரிமலை வெடிப்பை அடுத்த 1816ஆம் ஆண்டில், கோடைகள் குளிர்ந்தன. பனி மீண்டும் குவிந்தது.

1818 வசந்தத்தில் அடைப்புக்குப் பின்னால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஏரி நின்றது. மாநிலப் பொறியாளர் இக்னாஸ் வெனெட்ஸ், நீர்மட்டம் ஏறி வருவதைக் கணக்கிட்டு, அதற்கும் மேலே பனிச்சுவரைக் குடைந்து வழிகால் அமைக்கத் துணிந்தார். மே மாதம் வேலை தொடங்கியது. தலைக்கு மேல் எந்நேரமும் பனி சரியலாம் என்ற நிலையில், உருகுநீரில் நனைந்தபடி இருபுறமிருந்தும் குடைந்தார்கள். ஏறத்தாழ 200 மீட்டர் நீளச் சுரங்கம் அது. ஜூன் 13 இரவு ஏரிநீர் அதில் பாயத் தொடங்கியது. ஓடும் நீர் சுரங்கத்தின் அடித்தளத்தையே உருக்கி ஆழமாக்கியதால் ஏரி மளமளவென்று வடிந்தது. ஆனால் வெளியே அருவியாக விழுந்த அதே நீர் அணையின் அடிவாரத்தையும் அரித்தது. ஜூன் 16 பிற்பகல் பனிச்சுவர் உடைந்தது. எஞ்சியிருந்த நீர், ஏறக்குறைய அரைமணி நேரத்தில் வெளியேறியது. ஒன்றரை மணி நேரத்தில் வெள்ளம் மார்த்திஞியை அடைந்தது. நாற்பது பேர்வரை மாண்டார்கள். வெனெட்ஸின் முயற்சி தோற்றதாகச் சொல்வது அநியாயம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நீரை முன்கூட்டியே வடித்திருக்காவிட்டால் சேதம் பன்மடங்காகியிருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கின் லூர்த்தியே ஊரில் ழான்-பியேர் பெரோதான் என்ற மலையாட்டு வேட்டைக்காரர் இருந்தார், தச்சுவேலையும் செய்தவர். பனியாறுகள் எட்டாத தாழ்விடங்களில்கூடப் பாறைகள் ஒரே திசையில் கீறப்பட்டிருப்பதையும், அவ்விடத்துக் கல்லோடு ஒவ்வாத பெரும்பாறைகள் கிடப்பதையும் அவர் கண்டார். ஒருகாலத்தில் பனி பள்ளத்தாக்கு முழுவதையும் நிறைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். 1815இல் பெக்ஸ் உப்புச் சுரங்கத்தின் இயக்குநர் ழான் த ஷார்பாந்தியேயிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. வெள்ளம் அப்பாறைகளை உருட்டி வந்தது என்பதே அன்றைய அறிஞர்களின் விளக்கம். வெனெட்ஸோ செவிகொடுத்தார். பனி முன்னேறுவதையும் பின்வாங்குவதையும் அளந்து பார்க்க வேண்டிய பணியில் இருந்தவருக்கு வேட்டைக்காரரின் பேச்சு சாட்சியமாகவே பட்டிருக்க வேண்டும்.

ஆல்ப்ஸ் மலைகளின் வெப்பநிலை மாற்றங்களைப் பற்றி 1821இல் வெனெட்ஸ் எழுதிய கட்டுரை 1833இல்தான் அச்சேறியது. 1829இல் கிராண்ட் சான் பெர்னார் மடத்தில் கூடிய இயற்கை அறிவியல் கழகத்தில், ஜூரா மலைவரை பனி பரவியிருந்தது என்று வெனெட்ஸ் வாதிட்டார். ஷார்பாந்தியே மெல்ல மனம் மாறி, 1834இல் லூசெர்னில் அக்கருத்தைத் தாமே முன்வைத்தார். அதை மறுக்கும் எண்ணத்தோடு 1836இல் பெக்ஸ் சென்ற அகாசி, நேரில் கண்டபின் ஏற்றுக்கொண்டு, மறு ஆண்டே நொய்ஷாத்தெலில் உலகறியச் செய்தார். 1840இல் அவர் நூல் ஷார்பாந்தியேயின் நூலுக்கு முந்திக்கொண்டது. அந்த வரிசையில் பெரோதானுக்கு உரிய முதலிடத்தை நாம் தந்தாக வேண்டும்.

வெள்ளத்துக்குப் பின்னும் வெனெட்ஸ் பள்ளத்தாக்கை விட்டுவிடவில்லை. மீண்டும் வளர்ந்த பனிமேட்டின் மீது ஓடைநீரைத் திருப்பிவிட்டு, அந்நீரைக் கொண்டே பனியை அறுத்தார். 1950களில் அதே இடுக்கில் கான்கிரீட் வளைவு அணை எழுந்தது. 1991இல் 250 மீட்டராக உயர்த்தப்பட்ட மொவ்வாசான் அணை இன்று 20 கோடி கன மீட்டருக்கு மேல் உருகுநீரைத் தேக்கி, குளிர்கால மின்சாரத்துக்குத் தருகிறது. ஜியெத்ரோவிலிருந்து பெரும் பனித்துண்டு நீர்த்தேக்கத்தில் விழுந்தால் அலை அணையைத் தாண்டக்கூடும் என்பதால், 1960கள் முதல் அப்பனியாற்றின் நகர்வைப் பொறியாளர்கள் அளந்து வருகிறார்கள்.