தலசீமியாவும் மண்டையோட்டு எலும்பு மாற்றங்களும்

தலசீமியா என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபுவழியாக வரும் இரத்தக் குறைபாடு ஆகும். கடுமையான வகையில் இது மண்டையோட்டின் வடிவத்தையும் மாற்றிவிடும். அந்த மாற்றம் பழங்கால மக்களின் நோய்களை ஆராயவும் பயன்பட்டது.

எலும்பு மாறுவது ஏன்?

இந்நோயில் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாவதில்லை. சிவப்பணுக்கள் விரைவில் அழிகின்றன. இழப்பை ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை பல மடங்கு பெருகுகிறது. மண்டையோட்டு எலும்பு இரண்டு கெட்டியான தகடுகளையும், அவற்றின் நடுவே மஜ்ஜை நிறைந்த பஞ்சு போன்ற அடுக்கையும் கொண்டது. குழந்தைப் பருவத்தில் இந்த நடு அடுக்கு தடிக்கும்போது வெளித்தகடு மெலிந்து, சிறு துளைகள் தோன்றுகின்றன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் மயிர் சிலிர்த்து நிற்பதுபோல் எலும்பு இழைகள் தெரியும். கன்ன எலும்புகளும் மேல்தாடையும் புடைத்துக் காணப்படும்.

மருத்துவ வரலாறு

1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி, பேர்ல் லீயுடன் இணைந்து, கடும் இரத்தச்சோகை, மண்ணீரல் வீக்கம், எலும்பு மாற்றம் ஆகியவை ஒருங்கே கொண்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார். நோய் 'கூலியின் இரத்தச்சோகை' எனப்பட்டது. அப்போது அறியப்பட்ட நோயாளிகளில் பலர் மத்தியதரைக் கடல் பகுதி மரபினர். எனவே, 1932இல் ஜார்ஜ் விப்பிளும் வில்லியம் பிராட்ஃபோர்டும், கடலைக் குறிக்கும் 'தலஸ்ஸா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 'தலசீமியா' என்ற பெயரை அமைத்தனர்.

தொல்லெலும்புகளில் தேடல்

தலசீமியா மரபணுவைப் பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு இருக்கலாம் என்று 1949இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் கருதினார். 1966இல் லாரன்ஸ் ஏஞ்சல், கிழக்கு மத்தியதரைப் பகுதியின் பழைய மண்டையோடுகளில் காணப்பட்ட துளைகளைச் சதுப்பு நிலம், மலேரியா, மரபுவழி இரத்தச்சோகை ஆகியவற்றோடு தொடர்புபடுத்தினார்.

ஆனால் இத்தகைய துளைகள் பெரு நாட்டின் பழைய மண்டையோடுகளிலும் உள்ளன. அவற்றை அலெஸ் ஹிர்ட்லிச்கா 1914இலேயே விவரித்திருந்தார். அங்கு தலசீமியாவைக் காரணமாகக் கொள்ள இயலவில்லை. ஆகவே இரும்புச்சத்துக் குறைவு காரணமாகக் கூறப்பட்டது. 2009இல் பிலிப் வாக்கர் குழுவினர் அதையும் மறுத்து, வைட்டமின் பி12 குறைவையும் சிவப்பணுக்கள் அழியும் இரத்தச்சோகைகளையும் முன்வைத்தனர். எனவே துளைகளை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்ய இயலாது. முக எலும்புகளையும் கை, கால் எலும்புகளையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

இன்றைய நிலை

சிறு வயதிலிருந்தே முறையாக இரத்தம் ஏற்றப்பட்டால் மஜ்ஜையின் மிகைப் பெருக்கம் அடங்குகிறது. முகமும் மண்டையோடும் பெரும்பாலும் இயல்பாக வளர்கின்றன. கூலி கண்ட எலும்பு மாற்றங்கள் இன்று போதிய சிகிச்சை கிடைக்காத குழந்தைகளிடமே மிகுதியாகக் காணப்படுகின்றன.